மூன்றாவது பெயரைப் படிக்காத டிஸ்க்

"என் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது" என்று கண்டித்து வைத்திருந்த என் அப்பாவுக்கு,

தொட்டுவிட்டேன். கோபப்படாமல் முழுதும் கேளுங்கள்.

மகாளய அமாவாசைக்கு இரண்டு வாரம் இருந்தது. துக்க வருஷம் முடிந்து உங்களுக்காக நான் செய்யும் முதல் தர்ப்பணம். எள்ளும் தண்ணீரும் விட மூன்று தலைமுறைப் பெயர்கள் வேண்டும். அந்தப் பெயர்களை நீங்கள் கம்ப்யூட்டரில் உங்கள் குரலில் பதிந்து வைத்திருந்தீர்கள். ஒவ்வொரு வருஷமும் கங்கைக்குக் கிளம்புமுன் அதைப் போட்டுக் கேட்பீர்கள். தன் குரலைத் தானே கேட்டுப் பாடம் பண்ணும் ஆள் இவர் ஒருவர்தான் என்று நான் கேலி செய்திருக்கிறேன். "எதுக்கும் ஒரு தாள்ல எழுதி வச்சிக்கோல" என்றீர்கள். எழுதவில்லை. அதுதான் மெஷினில் இருக்கிறதே என்ற தைரியம்.

அம்மாவிடம் கேட்டேன். "மாமனார் பேரையே நான் வாயால சொன்னதில்ல. அவுகளுக்கு முன்னால உள்ளவுக பேரு எனக்கு எப்படில தெரியும்?" என்றாள். சொந்த ஊரில் கேட்கவும் ஆள் இல்லை. அந்த மெஷினை விட்டால் அந்தப் பெயர்களுக்கு வேறு வழியில்லை அப்பா.

மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். உள்ளே பட்டன் பேட்டரி செத்துப்போய்விட்டது போல. ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி அது தயாரான வருஷத்துக்கே போய் நிற்கிறது. அதன் கணக்கில் நீங்கள் இன்னும் பேங்குக்குப் போய்வந்துகொண்டிருக்கிறீர்கள். திருத்தக் கை வரவில்லை.

ஃபைலைத் திறந்தேன். பின்னால் நம் பழைய ஃபேன் ஓடும் சத்தம். "சங்கரலிங்கம்" என்றீர்கள். தாத்தா. "ஆவுடையப்பன்" என்றீர்கள். அப்புறம் குரல் திக்கியது. உள்ளேயிருந்து டக், டக், டக். சற்று நிறுத்தம். மறுபடி டக், டக், டக். படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. நான் பாத்ரூமில் நேரமாக்கினால் விரல் முட்டியால் தட்டுவீர்களே, அதே தட்டு. அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "உங்கப்பா கதவத் தட்டுதாக. என்னன்னு கேளுல."

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

டேட்டா கேபிளை மாற்றினேன். மின்சாரம் தரும் பெட்டியை மாற்றினேன். பிறகு செய்ததுதான் புத்திகெட்ட காரியம். டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளையை மூன்று முறை ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் தட்டல் கூடியது. மூன்றாம் முறைக்குப் பிறகு ஆவுடையப்பனும் திக்கினார். பயந்துபோய் டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, கரியாஹாட் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மிட்டுதியிடம் ஓடினேன். உங்கள் மெஷினில் மெமரி கூட்டிக்கொடுத்த அதே மிட்டு அக்காதான்.

அவர் டிஸ்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். "ஏ கீ? என்ன இது? யார் இதுக்குப் பொட்டு வச்சது?"

நான்தான். துக்க வருஷத்தில் பண்டிகை கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள். உங்கள் குரல் இருக்கிற பெட்டிக்கு என்ன துக்கம் என்று போன ஆயுத பூஜையன்று யாருக்கும் தெரியாமல் சந்தனம் குழைத்தேன். நீங்கள் எப்போதும் வெளிப்பெட்டிக்குத்தான் வைப்பீர்கள். நான் பெட்டியைத் திறந்து, டிஸ்கின் நெற்றியிலேயே கட்டியாக வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன்.

"நாங்களும் விஸ்வகர்மா பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கிறோம், வெளியே! இது மூச்சு விடுற ஓட்டை. மூடாதேன்னு பக்கத்துலயே அச்சடிச்சிருக்கு, படிக்கலையா?" என்று வங்காள மொழியில் வெளுத்து வாங்கினார். காற்று போய்வர வழியில்லாமல், சூடேறும்போதெல்லாம் உள்ளே அது திணறியிருக்கும் என்றார். ஒரு வருஷமாக உங்கள் குரலின் மூக்கைப் பொத்தி வைத்திருந்தேன் அப்பா. கடையில் நின்றே அழுதேன்.

அவர் ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தெடுத்தார். "முதல்ல நகல், அப்புறம்தான் ரிப்பேர். நீ தலைகீழாப் பண்ணியிருக்கே" என்று, பழுதான இடத்தைத் தாண்டித் தாண்டி நகலெடுக்கும் புரோகிராமை ஓடவிட்டார். இரண்டு நாள் ஓடியது. திரும்பத் திரும்ப முயன்றும் ஒரே ஒரு இடம் மட்டும் வரவில்லை.

நகலை வீட்டில் கேட்டேன். சங்கரலிங்கம். ஆவுடையப்பன். இரண்டும் தெளிவு. மூன்றாவது பெயர் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஃபேன் சத்தம்கூட இல்லை. பிறகு ஃபேன் திரும்பவும் ஓடியது. நீங்கள் சொன்னீர்கள்: "அவ்வளவுதான். எழுதிட்டியால?"

அதற்கு மேல் நீங்கள் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. நீங்கள் போட்டுக் கேட்கும்போது மூன்று பெயரோடு பதிவை நிறுத்திவிடுவீர்கள், அதனால் நான் அதுவரை இதைக் கேட்டதே இல்லை. அன்றைக்கு அந்த அறையில் நான் இல்லையே. யாரிடம் கேட்டீர்கள்? யார் பதிலுக்காகக் காத்திருந்தீர்கள்?

மகாளயத்தன்று விடிந்ததும் இரண்டே பெயர்களோடு கங்கைக்கரைக்கு, பாபு காட் படித்துறைக்குப் போனேன். உங்களுக்கு மந்திரம் சொல்லிவைப்பாரே, அதே புரோகிதர் டாகுர்மஷாய்தான். கூட்டத்துக்கு நடுவே என்னை மார்பளவு தண்ணீரில் நிறுத்தி, "பேர் சொல்லு" என்றார். சங்கரலிங்கம் என்றேன்.

"உன் அப்பாவா?"

"இல்லை, தாத்தா."

"அப்பா போயாச்சே. ஆகே பாபா. முதல்ல அப்பா பேரைச் சொல்லு."

கோமதிநாயகம் என்றேன். அதுவரை உங்கள் பெயரை நான் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கவே இல்லை. கோமதிநாயகம், சங்கரலிங்கம், ஆவுடையப்பன். "தின் புருஷ். மூணு தலைமுறை ஆச்சு, போதும்" என்றார்.

எந்தப் பெயருக்காக இரண்டு வாரம் அலைந்தேனோ, அந்தப் பெயர் எனக்குத் தேவையே இல்லை. பஸ்ஸில் புதிதாக ஆள் ஏறினால் இறங்கப்போகிறவர் எழுந்துகொள்வாரே, அப்படி அந்த மூன்றாம் பெயர்க்காரர் உங்களுக்கு இடம் விட்டுப் போயிருக்கிறார். பொட்டு வைத்தது நான், சரி. ஆனால் அத்தனை பெரிய டிஸ்கில் சரியாக அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது யார்? மிட்டுதியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

டிஸ்க் இப்போது பீரோவில் உங்கள் வேட்டிக்கு நடுவே இருக்கிறது. வயர் கிடையாது, மின்சாரம் கிடையாது. இன்று காலை அம்மா காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பா இன்னும் தட்டுதாகல்லா."

எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு தாளை எடுத்து மூன்று பெயர்களையும் உங்கள் பெயர் முதலாக எழுதினேன். பீரோவின் முன்னால் நின்று, "எழுதிட்டேன்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "தட்டுத சத்தம் நின்னுட்டு" என்றாள்.

இந்த ஆயுத பூஜைக்குப் பொட்டு அந்தத் தாளுக்குத்தான். பெயர் தெரியாத அந்த நாலாமவருக்கும் வருஷாவருஷம் ஒரு கை தண்ணீர் கூடவே விடுவேன். இது சத்தியம்.

இனி உங்கள் பெயரிலிருந்து எண்ணத் தொடங்கும் மகன்,
சிவா