பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர்

அம்மிணிக்கு,

உன் மாமனார் நேற்று என் மோட்டார் கடைக்கு வந்தார். தான் கண் ஆபரேஷன் செய்துகொண்டதைப் பற்றிப் பேசவே இல்லை. பேப்பரை விரித்துப் பொடி எழுத்தையெல்லாம் சத்தமாகப் படித்தார்.

"ஏனுங்க சம்மந்தி, எம்பட புள்ள அனுப்புச்சுங்களா?" என்றேன்.

"மொதல்ல டீ சொல்லுங்க" என்றார்.

மாடு கட்டித் தண்ணீர் இறைத்தவர்களிடம் நானும் இப்படித்தான் மோட்டார் விற்றேன். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கொட்டுவதைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அந்த வித்தையை என்னிடமே காட்டுகிறாய்.

எனக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், அது அவசரத்தில் எழுதியது. கத்தி பட்டு, இருக்கிற பார்வையும் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் தூக்கம் வரவில்லை.

ஆபரேஷனுக்கு வெள்ளிக்கிழமை வருகிறேன். சேலத்திலிருந்து காரோடு நீயே வா. வழியில் தைரியம் மட்டும் சொல்லாதே. சொன்னால் பாதியில் இறங்கிவிடுவேன்.

அப்பா