பின் ஜன்னலின் உட்புறம்

17-1-1968, புதன்

வெள்ளிக்கிழமை என் கணவருடைய முப்பதாம் நாள் பூசை. அவர் போனதிலிருந்து மோரிஸ் கார் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. டிரைவர் ஜெயவேலைக் கழுவச் சொன்னேன். இந்த ராயபுரத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வெயிலில் தானாகக் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். கூரையிலிருந்து கீழ்நோக்கித் துடைக்க வேண்டும், துணியைப் பிழிந்து பிழிந்து. பதினோரு வருடமாக இதைச் சொல்கிறேன்.

கண்ணாடிகளை நானே துடைத்தேன். வினிகரில் நனைத்த செய்தித்தாள். வெளிப்பக்கம் குறுக்கே, உட்பக்கம் மேலும் கீழும். கோடு விழுந்தால் எந்தப் பக்கத்துக் கோடு என்று தெரிந்துவிடும். கான்வென்ட்டில் மதர் கற்றுத்தந்தது.

பின் ஜன்னலின் உட்புறம், தாழ்வாக, எண்ணெய்ப் பிசுக்கு. ஐந்தாறு இடத்தில்.

"வண்டியிலே யாரை ஏத்தினே?"

"யாரையும் இல்லம்மா" என்று காரின் மறுபக்கம் போய்விட்டான். பொய். பிசுக்குப் போக மூன்று தாள் பிடித்தது.

18-1-1968

ஜெயவேல் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றான். என்ன என்றேன். "ஒண்ணுமில்லம்மா. பளபளன்னு கீது."

19-1-1968, வெள்ளி

பூசை நடுவே, கடைசித் தூண் பக்கம் ஓர் இருமல். ஈரக் காற்றில் சின்ன வயதிலிருந்து அவளுக்கு வரும் இருமல். அடைக்கலமேரி, என் ஒரே மகள். ஐந்து வருடத்துக்கு முன் வண்ணாரப்பேட்டை அமீரைக் கட்டிக்கொண்டு போனாள். இனி இந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்லக்கூடாது என்றேன். அவர் சொல்லவில்லை. கீழ்ப்படிந்தார் என்று நினைத்தேன்.

ஒரு குழந்தை ஏதோ கேட்டது. யாரோ உஷ் என்றார்கள்.

நான் திரும்பவில்லை.

20-1-1968, சனி

ஜெயவேல் சொல்லிவிட்டான். அழுதுகொண்டே.

"அய்யா மாசத்துக்கு ஒருதபா மேரியம்மா வூட்டுக்குப் போவாரும்மா. கொயந்தய பின்னாடி குந்த வச்சுகினு காசிமேடு வரிக்கும் ஒரு ரவுண்டு. கண்ணாடில கைய வச்சுகினே வரும். திரும்பி வந்ததும் நான் தொட்ச்சிருவேன். கடேசி தபா அய்யாவுக்கு நெஞ்சு வலி... அப்டியே வுட்டுட்டேன்."

அது குழந்தையின் கை.

"பேரென்ன?"

"மலிகா. அய்யா மட்டும் இருதயம்னு கூப்புடுவாரு."

என் பெயர். அவர் என்னைக் கூப்பிட்டது போலவே.

"மாப்ளைக்குப் பினாங்குல வேலம்மா. அய்யா பூசைக்கோசரந்தான் தங்குனாங்க. இன்னிக்குக் கப்பலு."

வண்டியை எடுடா என்று கத்தினேன். அப்படி ஒருநாளும் கத்தியதில்லை. துறைமுக வாசலில் இறங்கி, இந்த வயதில், ஓடினேன். கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டிவிட்டிருந்தது. தூரத்தில் நிறைய கைகள் அசைந்தன. எது யாருடையது?

ஏன் சொல்லவில்லை? முப்பத்தெட்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோமே — என்கிட்ட சொல்லப் பயமா உங்களுக்கு?

24-1-1968

அமீரின் அக்கா அஜீசாவிடம் ஜெயவேல் பினாங்கு விலாசம் வாங்கிவந்தான். நான் இன்னும் எழுதவில்லை.

4-2-1968, ஞாயிறு

விடியற்காலையில் பனி. காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியில் வாயால் ஊதினேன். ஆவி படர்ந்தது, ஒரு விரல் தடம்கூட எழவில்லை. இன்னும் கீழே குனிந்து, மூலையிலும் ஊதிப் பார்த்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்தவள் இல்லை.

கழுவட்டுமா என்று ஜெயவேல் கேட்டான். வெளியே மட்டும் என்றேன்.

பிறகு மேசைக்கு வந்து எழுதத் தொடங்கினேன்: "அன்புள்ள அடைக்கலம், அன்று பூசையில் உன் இருமல் எனக்குக் கேட்டது."