எதிரே லைட் அடித்தால்

கோரிங்கா கணவாய்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள கீரனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அக்கா ரோனாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ அந்த அபர்தீன் குளிரில் எப்படி இருக்கிறாயோ, கம்பளி உள்சட்டை இல்லாமல் கடல் வேலைக்குப் போகாதே. நலம் என்று எழுதக் கை வருகிறது, மனசுதான் வரவில்லை. நம் வீட்டு வளைவில் வேகத்தை அறுபதாகக் குறைக்கச் சொல்லி ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோமே, அதைத் தள்ளிவிட்டார்கள். சாலை அலுவலகத்திலிருந்து ஒருவன் நேரில் வந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, "விதிப்படி பார்த்தா இங்க செத்தவங்க எண்ணிக்கை பத்தலம்மா" என்றான். இன்னும் எத்தனை பேர் வேணும், சொல்லு, நானே போய்க் கூட்டிட்டு வரேன் என்றேன். பிஸ்கட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நூறு என்கிற பலகை அப்படியே நிற்கிறது. வண்டி கவிழ்ந்தால் முதலில் தட்டுவது நம் கதவைத்தான், செல்போனில் சிக்னல் கிடையாது, நம் வீட்டு லேண்ட்லைன்தான் கதி, ஆம்புலன்ஸ் மலையேறி வரும்வரை போர்வையைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்காருவது நான். கொடுத்த போர்வை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, நீ கட்டிப்பிடித்துத் தூங்குவாயே அந்தப் பச்சைக் கட்டம் போட்டதும் போய்விட்டது.

போலீஸ் என்ன செய்கிறது என்று கேட்பாய். கீழே ஆப்பிள் பழக் கடைக்குப் பின்னால், அந்த நேர்ச்சாலையில், நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அங்கே இதுவரை ஒரு முயல்கூடச் சாகவில்லை. நம் வளைவில் நிறுத்த இடம் இல்லையாம். நம் ஊர்க்காரர்களைத்தான் உனக்குத் தெரியுமே, போலீஸைக் கண்டால் எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் லைட் அடித்துச் சொல்லிவிடுவார்கள். எல்லாரும் நேர்ச்சாலையில் நல்ல பிள்ளையாக ஊர்ந்துவிட்டு, விட்ட நேரத்தை நம் வளைவில் பிடிக்கிறார்கள்.

அதைப் பார்த்துத்தான் ரோனாவுக்கு அந்த யோசனை வந்தது. ஸ்கூல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு காலையும் மாலையும் வளைவைத் தாண்டுகிறாளா, எதிரே வளைவை நோக்கி வருகிற எல்லா வண்டிக்கும் சும்மாவே லைட் அடிக்க ஆரம்பித்தாள். முன்னால் போலீஸ் நிற்கிறது என்று நினைத்து மரலாரிகூட வேகத்தைக் குறைத்தது. கீரா, ஜூனிலிருந்து ஆகஸ்ட்வரை, நம் பக்கத்துக் குளிர்காலம் முழுக்க ஒருவரும் நம் கதவைத் தட்டவில்லை. புதிதாக வாங்கிய போர்வைகள் அலமாரியில் மடித்தது மடித்தபடி இருந்தன, பார்க்கவே அவ்வளவு நிம்மதி. போன மாதம் சாம்பல் நிறக் கார் ஒன்றுக்கு அடித்திருக்கிறாள். உள்ளே இருந்தது போலீஸ்காரப் பையனேதான். திரும்பி வந்து பஸ்ஸை மடக்கி, பிள்ளைகள் எல்லாம் பார்க்க, "நீங்க இப்படிப் பண்ணா நாங்க யாரைத்தான் பிடிக்கிறது?" என்றானாம். "பிடிக்கவா நிக்கிறீங்க, மெதுவாப் போக வைக்கவா தம்பி?" என்று இவள் கேட்க, அதற்கும் சேர்த்து அபராதம் எழுதிவிட்டான். இந்த வருஷம் இந்த மலையில் அவர்கள் பிடித்த ஒரே ஆள் உன் அக்கா.

அதோடு குட்டு உடைந்தது. கசாப்புக் கடை பேரி ஹோகன், மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவன், கடை நிறையக் கூட்டத்தின் முன்னால் என்னிடம், "உன் பொண்ணு எங்களை முட்டாளாக்கிட்டா நோரீன்" என்றான். முட்டாளாக இருந்தவரை நீங்கள் உயிரோடு இருந்தீர்கள் என்று சொல்லிவிட்டுக் கறி வாங்காமல் வந்துவிட்டேன். இப்போது ஊர்க்காரன் எவனும் அவள் லைட்டுக்கு மதிப்புக் கொடுப்பதில்லை. செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டினார்கள். போய்ப் பார்த்தால் மோட்டார் சைக்கிளோடு கிடந்தது பேரியின் சின்ன மகன். பிழைத்துவிட்டான், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை என்கிறார்கள். பேரி மேல் எனக்கு இருந்த கோபத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை, அந்தப் பையனுக்குப் போர்த்திவிட்ட போர்வையோடு அதுவும் போயிருக்கலாம், போகவில்லை.

ரோனா நிறுத்தவில்லை. இன்னொரு முறை பிடித்தால் லைசென்ஸ் போய்விடும், பஸ் வேலையும் போய்விடும், விட்டுத்தொலைடி என்று கத்தினேன். "வெளியூர்க்காரங்களுக்கு இன்னும் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாதா உன்னைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றட்டும். கிறிஸ்துமஸுக்கு, பள்ளிக்கூடம் மூடும் முன்பே வருகிறாய், விமான நிலையத்தில் கார் எடுப்பாய், உன் கால் எப்படி மிதிக்கும் என்று எனக்குத் தெரியும். மலையேறும்போது எதிரே மஞ்சள் பஸ் ஒன்று லைட் அடித்தால், முன்னால் போலீஸ் இருக்காது. உன் அக்கா அடிக்கிறாள். அவளுக்காக மெதுவாக வா.

அன்புடன்,
அம்மா நோரீன்