தலையணைக்கு அடியில் உன் குரல்

என் மூத்த பேரனுக்கு, பாட்டி அன்போடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் தங்கை மொழித் தேர்வில் கல்லூரிக்கே முதலாவதாக வந்திருக்கிறாள். தம்பி கணக்கில் தொண்ணூற்றாறு. மீதி நாலு எங்கேடா என்று கேட்டால், வாத்தியாரிடம் பத்திரமாக இருக்கிறதாம். உன் அத்தை மகள் பல் டாக்டராகிவிட்டாள். முதல் நோயாளி நான்தான், வலிக்கவே இல்லை. பக்கத்து வீட்டில் இதையெல்லாம் சொல்லும்போது எப்போதும் உன்னிடமிருந்துதான் ஆரம்பிப்பேன். இந்த வாரம் உன்னைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எல்லாம் நீ வாங்கச் சொன்ன அந்த ஸ்பீக்கரால்தான்.

தங்கைக்கு லேப்டாப்பும் போனும், தம்பிக்குப் பள்ளியில் கொடுத்த டேப்லெட். ஆளுக்கொன்று வாங்கக் கட்டுப்படியாகாது, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று போதும், விளக்கு மின்னுவதற்கெல்லாம் காசைக் கொட்டாதீர்கள், ஒயர் இல்லாமலே ஒரே நேரத்தில் இரண்டைப் பிடித்துக்கொள்வதாகப் பாருங்கள், ஒயர் செருக ஓட்டையும் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தாய். கடையில் நானும் கூட நின்றேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். பெரியது விலை அதிகம். பளபளப்பானது ஒரு மணி நேரத்தில் இரைய ஆரம்பித்துவிடுமாம். மூன்றாவது, சோப்புப் பெட்டி அளவு. "இது ரெண்டு பேர் சொல்றதையும் கேக்கும் பாட்டி, எங்க வீட்ல அம்மாவுக்கும் சம்சாரத்துக்கும் நடுவுல நான் இருக்கிற மாதிரி" என்றார். சிரித்துக்கொண்டே வாங்கி வந்தோம்.

போன ஞாயிறு காலை, தங்கை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உன் அப்பா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முகம் மழித்துக்கொண்டிருந்தான். நான் கட்டிலில் இருந்தேன். மேசை மேல் இருந்த அந்தப் பெட்டி திடீரென்று உன் குரலில் பேசியது. "படிப்ப விட்டு ஆறு மாசமாச்சு. ஒரு கிடங்குல சரக்கு ஏத்துறேன். அப்பா கிளம்பி வராம எப்படியாவது நிறுத்து."

வாசலில் நின்று உன் தங்கை, தன் போனுக்கு நீ பேசி அனுப்பியதைக் கேட்க அழுத்தியிருக்கிறாள். போன் இன்னும் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. காதில் ஒன்றும் விழவில்லையே என்று மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் உள்ளே கேட்டது. நான் ஓடிப்போய் ஒரு பொத்தானை அமுக்கினேன். சத்தம் இன்னும் கூடிவிட்டது. வேறு வழி தெரியாமல் தலையணையை அதன் மேல் போட்டு, அதன் மேல் நானும் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது தடவை நீ பேசி முடித்தது எனக்கு மட்டும்தான் கேட்டது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பாதி முகத்தில் நுரையோடு உன் அப்பா எட்டிப் பார்த்தான். யார் பேசியது என்றான். தம்பியின் பாடம் என்று சொன்னேன். "அவன் குரலாட்டமே இருந்துச்சும்மா. அவன் நெனப்பாவே இருக்கேன்போல" என்று சிரித்துவிட்டுப் போனான். அவனிடம் நான் சொன்ன பொய்களில் இதுபோல் எதுவும் என்னை அறுத்ததில்லை. தங்கை உள்ளே வந்தாள், நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். தலையணைக்கு அடியில் கை விட்டுப் பெட்டியை அணைத்தாள்.

நீ பட்டம் வாங்குவதைப் பார்க்க உன் அப்பா இருபத்து நாலாம் தேதி விமானம் ஏறுகிறான். அச்சகத்தில் வாழ்நாளில் முதல் தடவையாகப் பதினைந்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறான். புது ஷூ கடிக்காமல் இருக்க, வேலை முடிந்து வந்ததும் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் காலண்டரைப் பார்க்கிறேன். இல்லாத விழாவுக்கு அவன் வந்து நிற்கக் கூடாது.

நீ ஏன் மறைத்தாய் என்று யோசித்துப் பார்த்தேன். மாதாமாதம் நான்தான் யார் யார் என்னென்ன வாங்கினார்கள் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு உன்னால் எப்படி வாய் திறக்க முடியும்? நானும் ஐந்தாவதோடு நின்றவள்தான். நின்றதால் கெட்டுப்போய்விடவில்லை.

இந்தக் கடிதம் ஒரு வாரத்தில் கிடைத்துவிடும் என்று தபாலாபீஸ் பெண் சொன்னாள். கிடைத்த அன்றே அப்பாவைக் கூப்பிடு. தங்கையிடம் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல், பூசி மெழுகிப் பேசாதே. கத்துவான். கத்தட்டும், நீ போனை வைத்துவிடாதே. இருபதாம் தேதி வரை என் வாயைக் கட்டிக்கொண்டிருப்பேன். அதற்கு மேல் முடியாது, நானே சொல்லிவிடுவேன். ஆனால் நான் சொன்னால் அது கோள். நீ சொன்னால்தான் அவனுக்கு மகன் இருப்பான்.

கனமானதைக் குனிந்து தூக்காதே, உட்கார்ந்து தூக்கு. கடவுள் உன் கை கால்களுக்குப் பலம் கொடுக்கட்டும்.

அந்தக் கிடங்கில், வேலை உடுப்போடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள். போனில் வேண்டாம். கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி தாளில் போட்டு, என் பெயருக்கே தபாலில் அனுப்பு.

உன் வழியையே பார்த்திருக்கும்,
பாட்டி