பாதி காலியான ஆறு போத்தல்கள்

எல்லாரும் போய்விட்டார்கள். உங்கள் படத்துக்கு முன்னால் வைத்த சாராயக் கிளாஸை இன்னும் நான் எடுக்கவில்லை. சாம்பிராணியையும் வடையையும் மீறி அந்த நெடி வீடு முழுக்க நிற்கிறது. இன்று உங்கள் முதலாவது திவசம். பிடித்ததைப் படைக்க வேண்டும் என்று உங்கள் தம்பி வாங்கி வந்தது. சாராயம் உங்களுக்கு எப்போது பிடித்தது என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

கலஹா தேயிலைத் தொழிற்சாலையில் நீங்கள் டீமேக்கராக இருந்தபோது, மாற்றலாகிப் போன தோட்டத் துரை ஒருவர் அரைப் போத்தல் சிங்கிள் மோல்ட் விஸ்கியை உங்களிடம் விட்டுப் போனார். அதை நம் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். தேயிலை ருசி பார்க்கும் வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினீர்கள். தொழிற்சாலையில் செய்வதுபோலவே கரண்டியால் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பக்கத்திலிருந்த அலுமினியச் செம்பில் துப்பினீர்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

“இப்படித் துப்புறதுக்கு எதுக்குங்க இது?”

“முழுங்கினா நாக்கு பொய் சொல்லும், டீச்சர்.”

கல்யாணமான நாளிலிருந்து என்னை நீங்கள் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவளுக்கு இந்த விஸ்கியில் வியக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். போத்தல் வந்த பெட்டியில் தேன், உப்பு, கடற்பாசி வாசம் என்றெல்லாம் எழுதியிருந்தது. விற்கிறவன் எதையும் எழுதுவான் என்றேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொக்லட்டுக்குப் பதிலாக நீங்கள் போத்தல் கேட்கத் தொடங்கினீர்கள். ஒன்று ஸ்கொட்லாந்துத் தீவிலிருந்து வந்தது. சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். மூக்கருகே கொண்டுபோனதும் ஆஸ்பத்திரியில் புண் கட்டும் அறை நினைவுக்கு வந்தது. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

“நம்ம பெக்டரியில தேயில இப்படிப் பொக அடிச்சா எனக்குச் சீட்டுக் கிழிஞ்சிரும். இவனுங்க அதுக்குத்தான் வெலயே கூட்டுறானுங்க!”

எப்போது எனக்குப் பிடித்துப்போனது என்று சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவோம். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் வாசனை விரிவதை நான்தான் முதலில் கவனித்தேன். பழைய வைன் பீப்பாயில் கிடந்ததா, வேறு பீப்பாயில் கிடந்ததா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் அளவுக்கு வந்தேன். நீங்கள் துப்பினீர்கள். நான் விழுங்கினேன்.

“செம்ப அந்தப் பக்கம் தள்ளவா, டீச்சர்?”

“வேணாம்.”

“அதுவும் சரிதான். எவனோ செமந்துட்டு வந்தது, ஒரு வயித்துக்காவது போகட்டும்.”

பிறகு உங்கள் கண் மஞ்சளானது. பித்தக் குழாயில் கட்டி, குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வைத்தியர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். மஞ்சளைப் பார்த்த சொந்தக்காரர்களுக்கு வைத்தியர் தேவைப்படவில்லை.

பதினாறாம் நாள் கருமாதியன்று உங்கள் தம்பி அலுமாரியைத் திறந்தார். ஆறு போத்தல்கள் இருந்தன. எல்லாம் பாதிக்கும் கீழே. ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

“பாத்தீங்களா? எங்க அண்ணன் ஈரல் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா?”

கூடம் நிறைய ஆட்கள். என் பள்ளிக்கூட அதிபரும் இருந்தார். உங்கள் அத்தை என்னைப் பார்த்து, “நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லித் தடுத்திருக்கக் கூடாதா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை எல்லாரும் அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு உங்கள் தம்பியும் வந்த ஆண்களும் பின்வாசலில் நின்று, அந்த ஆறு போத்தலிலும் கோலாவை ஊற்றிக் குடித்துத் தீர்த்தார்கள். புகையும் உப்பும் சீனிப்பாகில் கரைந்து வந்த வாடை கூடம் வரை வந்தது. ஆனால் அன்று எனக்கு அவர்களைவிட என்மேல்தான் அருவருப்பு அதிகம்.

இந்த ஒரு வருடமும் சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். இன்றைக்குக் கும்பிட்டு எழுந்ததும் உங்கள் தம்பி, “குடிச்சே போனாலும் அண்ணன் தங்கமான மனுசன்” என்று தொடங்கினார். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

“அவரு குடிக்கல. ருசி பாத்துத் துப்பிருவாரு. அந்தப் போத்தல்ல கொறஞ்சதெல்லாம் நான் குடிச்சது.”

உங்கள் அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

“கேட்டீங்களா? செத்த புருசன் மானத்தக் காப்பாத்த எந்தப் பழியத் தலயில போட்டுக்குறா பாருங்க! படிச்ச புள்ள, படிச்ச புள்ளதான்.”

“இல்ல அத்த, நெசமாத்தான் சொல்றேன்.”

“தெரியும்மா. நீ சொல்லாத. எங்களுக்குத் தெரியும்.”

மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் என் மதிப்புத்தான் கூடியது. உங்கள் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காலில் விழப் பார்த்தார். நீங்கள் குடிகாரராகவே இருக்கிறீர்கள்.

அன்று, அவர் போத்தலைத் தூக்கிக் காட்டிய அந்தக் கணத்தில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள், காறித் துப்பியிருப்பார்கள். அதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். உங்கள் பெயரைக் கொடுத்து என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். நாளைக்கு நான் வகுப்பறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். அந்த மரியாதையை வாங்கிக்கொண்டுதான் பாடம் நடத்த வேண்டும். திருப்பிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். யாரும் வாங்கமாட்டேன் என்கிறார்கள்.