போட்டுக் கொடுத்தவள்

ஜூன் 3, திங்கள்
மதியச் சாப்பாட்டில் இன்றும் பள்ளிக்கூடக் கதைதான். யார் கட் அடித்தார்கள், யார் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டார்கள். இந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். லென்ஸ் வெட்டுகிற பெண் (வாயாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்) என் பக்கம் திரும்பி, "நீ எத்தனாவது ரேங்க்டி?" என்றாள். நான் பள்ளிக்கூடமே போனதில்லை, வீட்டில் அம்மாதான் டீச்சர், சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை என்றேன். "முதல் ரேங்க்கும் நான்தான், கடைசி ரேங்க்கும் நான்தான்." எல்லோரும் சிரித்தார்கள். வாயாடி தன் டப்பாவை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

ஜூன் 6
வாயாடி வரும்வரை நான் சாப்பிடுவதில்லை. நான் வரும்வரை அவளும். தோழி என்பது இதுதானா? இந்த வயதில் கேட்க வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 12, புதன்
வாயாடி ஒருவருடைய லென்ஸை இடம் வலம் மாற்றி வெட்டிவிட்டாள். லென்ஸ் ஏன் வீணானது என்று முதலாளி கேட்டதற்கு, "வரும்போதே கீறல் இருந்துச்சு சார்" என்றாள். யாரும் வாய் திறக்கவில்லை. அவள் மறந்துபோய்ச் சொல்கிறாள் என்று நினைத்தேன் — சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். "இல்ல சார், இவ இடம் வலம் மாத்தி வெட்டிட்டா" என்றேன். வீட்டில் தப்பைச் சொன்னால் அம்மா, "சபாஷ், வா, சரி பண்ணலாம்" என்பாள். முதலாளி கத்திய கத்தல் தெருவரை கேட்டிருக்கும்.

"போட்டுக் கொடுத்துட்டியேடி" என்றாள் வாயாடி. அவ்வளவுதான்.

ஜூன் 13
மெஷின் மாஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார்: "கூட இருக்கிறவங்கள மாட்டிவிடக் கூடாதுன்னு ரெண்டாங்கிளாஸ் புள்ளைக்குக்கூடத் தெரியுமேம்மா. உனக்கு யாருமே சொல்லலையா?"

யார் சொல்வது? எங்கள் வகுப்பில் மாட்டிவிட ஆளே இல்லையே.

ஜூன் 14
தனியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 20
மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க, பரவால்ல" என்றாள். விடுங்களாம்! திட்டியிருக்கலாம்.

ஜூன் 28
வாயாடி மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு கிளைக்குப் போய்விட்டாள். முதலாளி என்னை அவள் நாற்காலியில் உட்காரச் சொன்னார். "உன்ன மாதிரி நேர்மையான ஆளுதான் எனக்கு வேணும்." அறைந்திருந்தால்கூடத் தேவலை.

அம்மா மேல் கோபம் கோபமாக வருகிறது. வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தியே, இத ஏம்மா சொல்லிக் கொடுக்கல? நாலு பிள்ளைங்களோட விட்டிருந்தா அடிச்சுக்கிட்டாவது கத்துக்கிட்டிருப்பேனே. இருந்த ஒருத்தியும் போயிட்டாளே.

ஜூலை 7, ஞாயிறு
அம்மாவைப் பார்க்கப் போனேன். நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். தட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ரொம்ப இளைத்திருக்கிறாள்.

"சேர்ந்து சாப்பிடுவோம்னு சொன்னியே, அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காம்மா."

என் தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு, "உன்ன ஸ்கூலுக்கு அனுப்பாம தப்புப் பண்ணிட்டேனோன்னு சில நாள் தோணும்டி" என்றாள்.

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. இன்னொரு கரண்டி வைத்தாள். பசியே இல்லை, ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.