தொட்டில் இல்லாத பத்தியம்

அன்புத் தங்கை எர்மீனியாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவமாதா கருணையால் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் மகள் யாடிராவின் கர்ப்பப்பைக் கட்டிகளை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் சிறு துளைகள்தான் போட்டார்கள்; அவை ஆறிவிட்டன. உள்ளே தைத்த இடம் ஆறச் சில மாதங்கள் ஆகுமாம். பிள்ளையைப் பற்றிய பேச்சே அதன் பிறகுதான் என்றார் டாக்டர்.

தையல் வகுப்புக்கு விடுப்பு எடுத்து, நம் ஊர் முறைப்படி அவள் காதில் பஞ்சு வைத்து, வயிற்றைக் கட்டி, கோழிச் சாறு கொடுத்தேன்.

"பிள்ள பெத்தவளுக்குத்தானேம்மா இந்தப் பக்குவமெல்லாம்? தொட்டில் எங்க?" என்று சிரித்தவள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சாறு ஆறிப்போகுது, குடிடி" என்று அதட்டினேன்.

இங்கே சான் ஹோசேயில் நல்ல கொக்கோ கிடைப்பதில்லை, கொஞ்சம் அனுப்பு. அவள் பிள்ளைக்கென்று நான் தைத்த சட்டைகள் அங்கே ஊரில் என் பெட்டியில் இருக்கின்றன. வெயிலில் காயவைத்துத் திரும்ப வை. யாருக்கும் கொடுத்துவிடாதே.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ்காரர் அவசரப்படுத்துகிறார்.

அக்கா,
லியோகாதியா